கீழே வைத்த கோப்பை

மைசூன் ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். முற்றத்தில் போட்டிருந்த கூடாரத்துக்கு ஆண்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள். "இறைவன் உங்க பொறுமைக்கு நிறைஞ்ச கூலி தரட்டும்" என்று ஒவ்வொருவரும் பெரியப்பாவிடம் சொல்வது சமையலறை வரை கேட்டது. ஒரு குரல் அதைச் சொல்லி முடித்ததும் இரண்டு தரம் வறட்டு இருமல் இருமியது. மைசூனின் கை அப்படியே நின்றது.

ஏழாம் எண்.

"என்னடி, கோப்பைக்குள்ள ஏதாவது எழுதியிருக்கா? இப்படி முறைச்சுப் பார்க்கிறே" என்றாள் பக்கத்து வீட்டு உம்மு ஜிர்யிஸ். காலையிலிருந்து ஈரத்துணியும் கையுமாக அவள்தான் கூட நின்றாள்.

"ஒண்ணுமில்லை."

"ஒண்ணுமில்லாததுக்கா கண்ணு கலங்குது? அழுதுட்டுப் போயேன். இன்னைக்கு நம்ம தெருவுக்குத் தண்ணி முறை, முகம் கழுவத் தண்ணி இருக்கு."

உண்மைதான். கரக் மலைச்சரிவில் இருந்த அந்தத் தெருவுக்குத் தண்ணீர் ஒன்பது நாளைக்கு ஒரு தடவை வரும். சாவு வீடு என்றெல்லாம் குழாய்க்குத் தெரியாது. நேற்று விடிகாலையில் தம்பி நவ்வாஃப் ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்தான். நண்பகல் தொழுகைக்குப் பிறகு மண்ணில் வைத்துவிட்டு வந்தார்கள். இன்று துக்கத்தின் இரண்டாம் நாள். மேல்தெருவுக்கு மட்டும் வாரத்தில் மூன்று நாள் தண்ணீர் வருவது ஏன், யார் யாருக்கு ஓட்டுப் போட்டதால் யார் வீட்டுத் தொட்டி நிறைகிறது என்று ஆராயப்போனவன்தான் அவன். அவன் செத்த மறுநாள் குழாயில் தண்ணீர் கொட்டுகிறது.

தலைநகரில் இருந்த கொள்கை ஆய்வு மையம் ஒன்றில் நவ்வாஃபுக்குப் பதினான்கு வருட வேலை. பெரிய பட்டம் வாங்கியவர்கள் அங்கே குளிர்பதன அறையில் உட்கார்ந்து எழுதுவார்கள். எழுதுவதற்கு வேண்டியதைக் கொண்டுவர இவன் மலையும் பாலைவனமும் ஏறி இறங்குவான். கடைசி ஆராய்ச்சிக்காக நாற்பத்தொரு பேரிடம் பேசிப் பதிவு செய்து வந்தான். தண்ணீர் திறந்துவிடுகிற ஊழியர்கள், தேர்தலில் வேலை பார்த்தவர்கள், பணம் வாங்கியவர்கள், கொடுத்தவர்கள். பேச்சையெல்லாம் கேட்டு எழுத்தாக்கியது பெண்கள் பள்ளி அலுவலகத்தில் தட்டச்சு செய்கிற மைசூன். பெயர் கிடையாது, எண் மட்டும்.

"குரல் உனக்குத் தெரிஞ்சா போதும்க்கா. முகம் வேண்டாம்" என்று அவன் முதல் நாளே சொல்லிவிட்டான். "தெரியாததை யாரும் உங்கிட்டேர்ந்து பிடுங்க முடியாது."

அதனால்தான் ஜன்னலுக்கு முதுகு. பன்னிரண்டாம் எண் காலையிலேயே வந்துவிட்டுப் போனார். சொல்லுக்குச் சொல் 'ஆண்டவன் மேல ஆணையா' போடுகிறவர். முப்பதாம் எண்ணுக்குக் குரல் பெண் குரல் மாதிரி. ஏழாம் எண்ணுக்கு இருமல். தண்ணீர் வால்வைத் திறக்கச் சொல்லி இரவில் யார் போன் செய்வார்கள் என்று பெயர் பெயராகச் சொன்னவர் அவர்தான். சொல்லிவிட்டு ஒலிப்பதிவில் வெகுநேரம் இருமினார்.

அந்த நாற்பத்தொரு பதிவும் ஒரே மாதிரிதான் தொடங்கும். முதலில் டக்கென்று ஒரு சத்தம்: நவ்வாஃப் தனக்குக் கொடுத்த காப்பிக் கோப்பையைக் குடிக்காமல் கீழே வைக்கிற சத்தம். குடிக்காமல் வைத்தால் விருந்தாளிக்கு ஏதோ வேண்டுதல் இருக்கிறது என்று பொருள். வீட்டுக்காரர் "குடிங்க, வந்த காரியம் ஆச்சு" என்று சொன்ன பிறகுதான் அவன் உண்மையைச் சொல்லும்படி கேட்பான். "சொல்றேன். ஆனா என் பேரு இந்த அறையைத் தாண்டக் கூடாது" என்பார்கள். "தாண்டாது" என்பான். பிறகு ஒரு உறிஞ்சல். அதற்கப்புறம்தான் ஆராய்ச்சி.

இந்த வழக்கத்தைப் பற்றி அவன் ஐம்பது பக்கம் குறிப்பு எழுதி வைத்திருந்தான். அது மையத்தின் இயக்குநர் டாக்டர் ஷிஹாபின் புத்தகத்தில் மூன்றாம் அத்தியாயமாக வந்தது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் எல்லாம் அந்த அத்தியாயத்தைத்தான் பாடமாக வைக்கிறார்களாம். முன்னுரையின் கடைசி வரியில், 'களப்பணியில் துணைநின்ற உள்ளூர் உதவியாளருக்கும் நன்றி.'

"இனிமே என்னை நவ்வாஃப்னு கூப்பிடாதே" என்று அன்றைக்குச் சிரித்தான் தம்பி. "மிஸ்டர் உள்ளூர்னு கூப்பிடு." அவன் சிரித்தான். மைசூனுக்கு இன்றுவரை சிரிப்பு வரவில்லை.

தண்ணீர் அறிக்கை வெளிவந்ததும் மேலிடத்தில் யாருக்கோ சுட்டது. பேசியது யார் யார், பட்டியல் கொடு என்று டாக்டர் ஷிஹாப் நவ்வாஃபைக் கேட்டார். முடியாது என்றான். ஒரு மாதத்தில் கடிதம் வந்தது: சரிபார்க்க இயலாத தகவல்களை அளித்த காரணத்தால் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறார். சரிபார்க்க இயலாத என்றால் கட்டிவிட்ட கதை என்று அர்த்தம். குதிரை கீழே தள்ளியதோடு குழியும் பறித்ததாம். வேலையோடு மருத்துவக் காப்பீடும் போயிற்று. சிறுநீரகம் கெட்டுக்கொண்டிருந்தவன், இலவச சிகிச்சைக்கான வரிசையில் எட்டு மாதம் நின்றான். ஒன்பதாம் மாதமும் அவன் முறை வரவில்லை.

முந்தாநாள் மாலை ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவன் கால் வீங்கி மினுமினுத்தது. அவள்தான் கேட்டாள்.

"அந்தப் பட்டியல் நோட்டை எரிச்சிடட்டுமாடா?"

"எரிச்சா நான் பொய் எழுதினவன்னு ஆயிடும். குடுத்தா வாக்குத் தவறினவன்னு ஆயிடும்." மூச்சு வாங்கிக்கொண்டான். "வெச்சிரு."

"எத்தனை நாளைக்கு?"

"நம்ம தெருவுக்குத் தினம் தண்ணி வர்ற வரைக்கும்."

அதுதான் அவன் கடைசியாகச் சொன்ன வேடிக்கை. நோட்டுகள் இப்போது மொட்டைமாடியில், விரிசல் விட்ட பழைய தண்ணீர்த் தொட்டிக்குள், மாவுப் பைகளில் சுற்றிக் கிடந்தன. அதை எடுத்து வந்து அந்தக் கடிதத்தை எழுதியவன் முகத்தில் வீசி, 'எண்ணிப் பாருடா, நாற்பத்தொரு பேரும் இருக்காங்களா இல்லையா' என்று கேட்க அவளுக்கு நேற்றிலிருந்து நெஞ்சு அடித்துக்கொண்டது. தம்பி பொய்யன் என்று ஒரு கோப்பில் எழுதியிருக்கிறது. மண்ணுக்குள் போனவனால் வந்து அழிக்க முடியாது.

மூன்று கார்கள் வந்து நின்ற சத்தம் கேட்டது.

"ஆளு வந்தாச்சு" என்று உம்மு ஜிர்யிஸ் எட்டிப் பார்த்தாள். "கறுப்புக் கண்ணாடி, கறுப்புக் கார். துக்கம் விசாரிக்க வந்தானா, தொகுதி பார்க்க வந்தானா?"

இந்த முறை மைசூன் திரும்பினாள். வீடு சரிவில் கட்டியது. சமையலறை முற்றத்துக்கு அரையாள் கீழே இருந்தது. காற்று வருவதற்காகக் கூடாரத்தின் ஓரத்துணியை முழங்கால் உயரத்துக்குச் சுருட்டிக் கட்டியிருந்தார்கள். அங்கிருந்து பார்த்தால் உள்ளே உட்கார்ந்திருப்பவர்களின் முகம் ஒன்றும் தெரியாது. சிமென்ட் தரையில் நாற்காலிக் கால்களும் வரிசை வரிசையாக மனிதக் கால்களும்தான். தூசி படிந்த பூட்ஸ்கள், வார் அறுந்த செருப்புகள், பெரியப்பா அபூ ஹாயிலின் வெடித்த குதிகால். அவற்றுக்கு நடுவே குஞ்சம் வைத்த செம்பழுப்பு ஷூ ஒரு ஜோடி வந்து உட்கார்ந்தது.

உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து மறுபடி உட்கார்ந்தார்கள். வந்தவருக்காகப் புதிதாகக் காப்பி ஊற்றினார்கள். முன்பெல்லாம் ஒரே கோப்பை கூட்டம் முழுக்கச் சுற்றும். கொரோனாவுக்கு அப்புறம் ஆளுக்கொரு கோப்பை. பெரிய மனிதர் முதலில் குடிக்கட்டும் என்று எல்லோரும் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

"நவ்வாஃப் எனக்குத் தம்பி மாதிரி" என்றது டாக்டர் ஷிஹாபின் குரல். மேடையில் பேசிப் பழகிய குரல். "மையத்துக்கு அவர் செஞ்ச சேவையை யாரும் மறக்க முடியாது. அவர் என்னோட வலது கை."

"வலது கையை வெட்டிப்போட்டுட்டு இடது கையால கண்ணைத் துடைக்குது பாரு" என்றாள் உம்மு ஜிர்யிஸ்.

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுவதை மைசூன் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். அப்போது, குஞ்சம் வைத்த ஷூவின் பக்கத்தில் ஒரு கை இறங்கியது. கோப்பையைச் சிமென்ட் தரையில் வைத்தது.

டக்.

"அபூ ஹாயில், எனக்கு உங்ககிட்ட ஒரு வேண்டுதல் இருக்கு. அது ஆகாம நான் இந்தக் காப்பியைக் குடிக்கிறதா இல்லை."

கூடாரத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. உம்மு ஜிர்யிஸ் கையிலிருந்த துணியை விட்டுவிட்டாள்.

"சாவு வீட்டுல கோப்பையைக் கீழ வைக்கிறானே! பொண்ணு கேட்டா வந்திருக்கான்?"

பெண் கேட்கும்போது வைப்பார்கள். கொலைப்பகையில் சமாதானம் பேச வரும்போது வைப்பார்கள். சாவு வீட்டில் யாரும் வைக்க மாட்டார்கள். மூன்றாம் அத்தியாயத்தில் அந்த ஒரு வரி விட்டுப்போயிற்றோ, அல்லது எழுதியவன் எழுதித்தான் வைத்திருந்தும் பெயர் போட்டுக்கொண்டவர் அந்த இடம் வரை படிக்கவில்லையோ.

பெரியப்பா மறுத்திருக்கலாம். ஆனால் அந்த வீட்டு ஆண்களுக்கு ஒரு வியாதி உண்டு: என்ன வேண்டும் என்று கேட்பதற்கு முன்பே கொடுத்துவிடுவார்கள். என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டுக் கொடுப்பவன் கடைக்காரன் என்பது அவர் கட்சி. தவிர, மையத்தில் நவ்வாஃப் பெயரில் ஒரு கூடம் திறக்கப்போகிறார்கள், குடும்பத்தின் சம்மதம் கேட்க வருகிறார்கள் என்று யாரோ காலையில் அவர் காதில் போட்டிருந்தார்கள்.

"குடிங்க டாக்டர்" என்றார் பெரியப்பா, குரல் தழுதழுக்க. "வந்த காரியம் ஆச்சு."

மைசூன் கண்ணை மூடிக்கொண்டாள். அந்தச் சொல்லை இத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டால் திரும்ப எடுக்க முடியாது.

"ரொம்ப சந்தோஷம். நவ்வாஃபோட நோட்டுகள் வேணும், அபூ ஹாயில். அதுல பேர்ப் பட்டியல் ஒண்ணு இருக்கு. மையத்தோட ஆவணம் அது. பத்திரமா வைக்கணும்."

வெடித்த குதிகால் செருப்புக்குள் ஒருமுறை நகர்ந்தது.

"மைசூன்" என்று கூப்பிட்டார் பெரியப்பா. அவர் குரல் சட்டென்று கிழடாகியிருந்தது. "அந்த நோட்டு... உங்கிட்டயா இருக்கு?"

பெண்கள் ஆண்களின் துக்கக் கூடாரத்தோடு பேசுவதில்லை. மைசூன் ஈரக்கையை ஜன்னல் கம்பியில் வைத்தாள்.

"எங்கிட்டதான் இருக்கு பெரியப்பா. தரமாட்டேன்."

"நான் வாக்குக் குடுத்துட்டேன்மா."

"அவன் உங்களுக்கு முன்னாடியே குடுத்துட்டான்."

டாக்டர் ஷிஹாப் தொண்டையைச் செருமிக்கொண்டார். "தங்கச்சி, உங்க வருத்தம் எனக்குப் புரியுது. நான் கேக்கறதே நவ்வாஃப் பேரைக் காப்பாத்தத்தான். இப்படி நாப்பத்தொரு பேரு நிஜமாவே இருக்காங்களான்னு மேலிடத்துல சந்தேகப்படறாங்க. பட்டியல் வந்துட்டா அந்தக் கடிதத்தை ரத்து பண்ணிடலாம். அறிக்கையில அவர் பேரையே போடலாம். முதல் பக்கத்துல."

முதல் பக்கத்தில். அவள் கேட்க நினைத்தது அதைத்தான்; பதினான்கு வருடமாக அவன் கேட்காமல் விட்டது அதைத்தான். தொட்டி இருக்கிற இடத்துக்கு இருபத்திரண்டு படி. ஏறி எடுத்துக் கொடுத்துவிட்டால் தம்பி யோக்கியன் என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு இரவில் ஏழாம் எண்ணின் கதவை யார் தட்டினால் என்ன?

உம்மு ஜிர்யிஸ் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சந்தேகப்பட்டது மேலிடமா, டாக்டர்?" என்றாள் மைசூன். "அந்தக் கடிதத்துல கையெழுத்து உங்களுதாச்சே. அவன் எழுதினதுக்கெல்லாம் உங்க பேரைப் போட்டுக்கிட்டீங்க. உங்க பேரைப் போட்டபோது அதெல்லாம் உண்மை, அவன் பட்டியல் தரலைன்னதும் பொய்யா? ஒவ்வொரு வீட்டுலயும் இதே மாதிரி கோப்பையைக் கீழ வெச்சுத்தான் அவன் கேட்டான். 'பேரு வெளிய வராது'ன்னு வாக்குக் குடுத்துட்டுத்தான் குடிச்சான். அந்தக் கோப்பையெல்லாம் உங்க கோப்பைக்கு முந்தினது. அவன்கிட்ட திருடினது போதாதுன்னு வாக்கையும் திருட வந்தீங்களா?"

"மைசூன்!" என்றார் பெரியப்பா. அதட்டல் மாதிரி ஆரம்பித்து, பாதியிலேயே வேறு எதுவாகவோ முடிந்தது.

"உணர்ச்சிவசப்படறாங்க" என்றார் டாக்டர், பக்கத்திலிருந்தவர்களிடம். "நாம ஆம்பளைங்க. வாக்கு வாக்குதான்."

அப்போது யாரோ இருமினார்கள். இரண்டு தரம், வறட்டு இருமல்.

"அபூ ஹாயில்" என்றது ஏழாம் எண்ணின் குரல். "எனக்கும் ஒரு வேண்டுதல் இருக்கு."

தரையில் ஒரு கை இறங்கியது. விரலிடுக்கில் துருக்கறை ஏறிய கை. கோப்பையைப் பழைய பூட்ஸின் பக்கத்தில் வைத்தது.

டக்.

"சொல்லுங்க" என்றார் பெரியப்பா.

"அந்தாளு கேட்டதைக் குடுக்காதீங்க. அது ஆகாம நான் குடிக்க மாட்டேன்."

"ஆண்டவன் மேல ஆணையா நானும் மாட்டேன்" என்றது இன்னொரு குரல். பன்னிரண்டாம் எண் போகவில்லை. வாசல் பக்கம்தான் உட்கார்ந்திருந்திருக்கிறார். டக். பிறகு அந்த மூலையில் ஒன்று. நடு வரிசையில் ஒன்று. கை இறங்கியது, கோப்பை தரையைத் தொட்டது, கை மேலே போனது. ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் அவள் கேட்ட அதே சத்தம். இரவெல்லாம் காதில் மாட்டிக்கொண்டு கேட்ட சத்தம்.

முதலில் அவளுக்குப் பயம் வந்தது. ஐயோ, தங்களைத் தாங்களே காட்டிக்கொடுக்கிறார்களே என்று. அவன் உயிரைக் கொடுத்து மறைத்த முகங்களை இந்த ஆள் இப்போது உட்கார்ந்த இடத்திலேயே பார்த்துக்கொண்டிருக்கிறானே.

ஆனால் சத்தம் நிற்கவில்லை. ஒன்றுவிட்ட அண்ணன் தலாலின் வார் அறுந்த செருப்பு அவளுக்குத் தெரியும். அவன் ஆராய்ச்சி என்றாலே 'வெட்டி வேலை' என்பவன், யாரிடமும் எதுவும் சொல்லியிருக்க மாட்டான். அவன் கோப்பையும் இறங்கியது. பள்ளிவாசல் இமாமின் வெள்ளைக் காலுறைக்குப் பக்கத்தில் ஒன்று. உம்மு ஜிர்யிஸின் புருஷனுடைய ரப்பர் செருப்புக்குப் பக்கத்தில் ஒன்று. அவருக்குக் காது கேட்காது, என்ன நடக்கிறது என்றே தெரிந்திருக்காது, பக்கத்தில் இருப்பவர் செய்ததைச் செய்தார். பேசியவன் யார், பேசாதவன் யார் என்று இனி எந்த மேலிடமும் கண்டுபிடிக்க முடியாது. சிமென்ட் தரை முழுக்கக் கோப்பைகள், ஒவ்வொரு ஜோடிக் காலுக்கும் பக்கத்தில் ஒன்று.

"டாக்டர்" என்றார் பெரியப்பா. குரலில் பழைய கனம் வந்திருந்தது. "இருக்காங்களான்னு கேட்டீங்களே. உங்க மேலிடத்துக்குப் போய்ச் சொல்லுங்க, இருக்காங்க. இப்ப நான் கேக்கறேன். நான் குடுத்த வாக்கை எனக்கே திருப்பிக் குடுங்க. குடுத்துட்டு அந்தக் காப்பியைக் குடிங்க."

செம்பழுப்பு ஷூவின் குஞ்சம் ஆடியது. ஷூ எழுந்தது. கூட வந்தவர்களின் ஷூக்களும் எழுந்தன. கோப்பைகளை மிதிக்காமல் நடக்க இடம் தேட வேண்டியிருந்தது அவர்களுக்கு; பக்கவாட்டில், ஒரு காலை வைத்து மறு காலை யோசித்து, அப்படியே வாசலுக்குப் போனார்கள். வழியனுப்ப யாரும் எழுந்திருக்கவில்லை. கார்க் கதவுகள் மூடிக்கொண்டன.

"குடிங்க" என்றார் பெரியப்பா. "ஆறிப்போச்சு. இருந்தாலும் குடிங்க."

எல்லோரும் குடித்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் காலிக் கோப்பைகள் தட்டுகளில் சமையலறைக்கு வந்தன. ஒன்றில் மட்டும் காப்பி ஊற்றியபடியே இருந்தது. உம்மு ஜிர்யிஸ் அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள். "என்ன பண்றது இதை?"

மைசூன் அதை வாங்கிச் சாக்கடைத் துளையில் கவிழ்த்தாள். கோப்பையை மட்டும் தனியே வைக்கவில்லை; மற்றதோடு சேர்த்தே போட்டாள். கோப்பை என்ன பாவம் செய்தது.

வெளியே கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. படியிறங்கும் காலடிச் சத்தங்கள் ஜன்னலைக் கடந்து போயின. அதில் ஒன்று நின்றது. இருமல் கேட்டது, மிகப் பக்கத்தில், கம்பிக்கு அந்தப் பக்கம். குனிந்தால் முகம் தெரிகிற தூரம்.

"அம்மாடி" என்றது குரல். "இறைவன் உன் பொறுமைக்கு நிறைஞ்ச கூலி தரட்டும்."

மைசூன் ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"வந்ததுக்கு நன்றிங்க" என்றாள், திரும்பாமல்.

காலடிச் சத்தம் போகும் வரை பொறுத்தாள். குழாயில் தண்ணீர் இன்னும் வந்துகொண்டிருந்தது. அடுத்த கோப்பையை எடுத்தாள்.